பாரை மீன் திறம், அட்டை எண் ஏன் அங்கே கிடக்கிறது?

கொழும்பு வெள்ளவத்தையில் உள்ள ஒரு மரக்கறி, மீன் கடையின் இணையதளத்தில் எட்டு மாதமாகச் சாமான் எடுக்கிறேன். பெயர் வேண்டாம். காலை 9 மணிக்கு முன் ஓடர் போட்டால் 11 மணிக்குள் வாசலுக்கு வந்துவிடும். பாரை மீனைச் செதில் போக்கி, சொன்ன அளவில் வெட்டித் தருவார்கள். முருங்கைக்காய் ஒரு தடவை முற்றலாக வந்தது, அவ்வளவுதான்.

போன வாரம் ஒரே ஓடருக்கு இரண்டு தடவை காசு கழிந்துவிட்டது. போன் எடுத்தேன். வங்கி அட்டையின் கடைசி 4 இலக்கத்தை நான் சொல்லத் தொடங்க, "இருங்க அண்ணா, இங்கே இருக்கு" என்று தம்பி 16 இலக்கத்தையும் வாசித்தார். காலாவதியாகும் மாதத்தையும் சேர்த்து! காசு இரண்டு நாளில் திரும்பி வந்தது. எனக்குத்தான் நித்திரை வரவில்லை.

நானும் மென்பொருள் எழுதிச் சாப்பிடுகிறவன். நேரே போனேன். கல்லாவுக்குப் பக்கத்துக் கணினியில் வாடிக்கையாளர் பட்டியலைத் தம்பி ஒளிக்காமல் திறந்து காட்டினார். பெயர், விலாசம், அட்டை எண், அதன் பக்கத்து நிரலில் சிவிவி, அதாவது அட்டையின் பின்பக்கத்து 3 இலக்க இரகசிய எண். கொடுப்பனவு அங்கீகரிக்கப்பட்ட பிறகு அந்த 3 இலக்கத்தை மறைகுறியாக்கிக்கூட வைத்திருக்கக் கூடாது என்பது பிசிஐ டிஎஸ்எஸ் என்ற அட்டைப் பாதுகாப்புத் தரத்தின் விதி. இங்கே மீன் கணக்கோடு மீன் கணக்காகக் கிடக்கிறது.

அட்டையை நினைவில் வைப்பது பிழையில்லை. ஒவ்வொரு முறையும் எண் தட்ட எனக்கும் பஞ்சிதான். ஆனால் எண் இருக்க வேண்டிய இடம் பேமென்ட் கேட்வே, அதாவது கடைக்கும் வங்கிக்கும் நடுவில் நின்று காசைக் கழித்துத் தரும் சேவை. கடையின் தரவுத்தளத்துக்கு அட்டை எண்ணுக்குப் பதிலாக அங்கிருந்து வரும் டோக்கன் என்ற குறியீடும் கடைசி 4 இலக்கமும் போதும். அந்த டோக்கனைக் களவெடுத்தவன் வேறு கடையில் ஒரு கட்டுக் கீரைகூட வாங்க முடியாது.

"தளம் செய்த பிள்ளை அப்படித்தான் செய்து தந்தது" என்றார் முதலாளி. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று நான் வாயெடுத்ததும் கதிரை வந்தது. சிவிவி நிரலை அன்றே அழிக்கச் சொன்னார். சரி, பேக்கப்பில் இருப்பது? அந்தப் பிள்ளையிடம் கேட்கிறாராம்.

நான் வங்கியில் அட்டையை மாற்றிவிட்டேன். மீன் இன்னும் அங்கேதான். காசை மட்டும் வாசலில் வைத்துக் கொடுக்கிறேன். நேற்று மீதி 20 ரூபாய் இல்லையென்று பையன் ஒரு தேசிக்காயைத் தந்துவிட்டுப் போனான்.