‘ரிஜெக்ட்’ அமுக்கிப் பார்க்காமல் பில்லுக்குப் பணம் கொடுக்காதீர்கள்

திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். சாயப்பட்டறை, பிரிண்டிங், நூல் என்று எல்லா சப்ளையர் விவரமும் ஒரே ஷேர்பாயிண்ட் லிஸ்டில் (எல்லோரும் ஆன்லைனில் திறந்து பயன்படுத்தும் மைக்ரோசாஃப்ட் பட்டியல்) இருக்கிறது. பர்ச்சேஸ், ஸ்டோர், அக்கவுண்ட்ஸ் எல்லோரும் அதில் கைவைப்போம். வங்கிக் கணக்கு எண்ணை யார் மாற்றினாலும் முதலாளி ஓகே சொன்ன பிறகே அது செல்ல வேண்டும். இதற்காகத்தான் வேலைகளைத் தானாக ஓட வைக்கும் மைக்ரோசாஃப்டின் பவர் ஆட்டோமேட்டில் அப்ரூவல் அமைத்துத் தர வெளியாள் ஒருவரைப் பிடித்தோம்.

டெமோ அமர்க்களம். எண்ணை மாற்றினார், முதலாளிக்கு மெயில் வந்தது, ‘அப்ரூவ்’ அமுக்கியதும் லிஸ்டில் பச்சையாக விழுந்தது. முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டார்.

சில மாதம் கழித்து, ஒரு சாயப்பட்டறையின் பெயரில் ‘எங்கள் கணக்கு மாறிவிட்டது’ என்று மெயில். பர்ச்சேஸில் அப்படியே பதிந்துவிட்டார்கள். முதலாளிக்குச் சந்தேகம் தட்டி ‘ரிஜெக்ட்’ கொடுத்தார். அந்த வாரப் பணம் புது எண்ணுக்கே போய்ச் சேர்ந்தது! சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்கு அடித்துப் புகார் கொடுத்ததில் கொஞ்சம் பணத்தை வங்கியில் நிறுத்தி வைத்தார்கள். மீதி போனது போனதுதான்.

நடந்தது இதுதான். அமைத்துத் தந்த வெளியாள் வைத்திருந்தது ‘ரெக்கார்டு மாறினால் ஓடு’ என்கிற ட்ரிகர். மாற்றம் சேவ் ஆன பிறகுதான் அது கிளம்பவே செய்யும். ஆளை உள்ளே விட்டுவிட்டு, ‘விடலாமா சார்?’ என்று கேட்கிற வாட்ச்மேன் மாதிரி. ரிஜெக்ட் செய்தால் ஸ்டேட்டஸ் மட்டும் சிவப்பாகும். பழைய எண் திரும்பி வராது. பேமெண்ட் எடுக்க அவரே போட்டுத் தந்த எக்செல் அந்த ஸ்டேட்டஸைப் பார்ப்பதே இல்லை. கேட்டால், “அப்ரூவல் மெயில் கேட்டீங்க, வருதே சார்” என்கிறார்.

வேறொருவரை வைத்துத் திறந்து பார்த்தபோது இன்னும் கிளம்பியது. எல்லாம் முதலில் அமைத்தவருடைய லாகினில் ஓடுகிறது. அந்தக் கணக்கை மூடினால் மொத்தமும் நின்றுவிடும். பவர் ஆட்டோமேட்டில் ஒரு ஓட்டம் 30 நாளுக்கு மேல் காத்திருக்காது. பதில் வராத கோரிக்கைகள் சத்தமில்லாமல் செத்திருக்கின்றன, நினைவூட்டல்கூட வைக்கவில்லை.

சரியாகச் செய்வதும் பெரிய வித்தை இல்லை. மாற்றக் கோரிக்கைக்குத் தனி லிஸ்ட். மெயின் லிஸ்டை மற்ற எல்லோரும் பார்க்க மட்டும் முடியும். ஒப்புதல் கிடைத்தபின் கம்பெனியின் சொந்த லாகினில் ஓடும் ஃப்ளோ (பவர் ஆட்டோமேட்டில் அமைத்த தானியங்கி வேலை) மட்டும் அதில் எழுதும். கோரிக்கை போட்டவரே அப்ரூவ் செய்யவும் முடியக் கூடாது. இப்போது அப்படித்தான் மாற்றியிருக்கிறோம். சப்ளையரின் பழைய நம்பருக்குப் போன் போட்டுக் கேட்பதையும் சேர்த்திருக்கிறோம், அது எந்த சாஃப்ட்வேரிலும் வராது.

நீங்கள் ஆள் வைத்தால், டெமோவில் ‘ரிஜெக்ட்’ அமுக்கச் சொல்லி, உடனே ரெக்கார்டைத் திறந்து பாருங்கள். பழைய எண் இருந்தால் மேலே பேசலாம். எங்கள் ஆள் போன வாரம் ஆண்டுப் பராமரிப்புக்கு பில் அனுப்பியிருக்கிறார்.