பைரைட்டில் ஒளிந்த தங்கம்: எலக்ட்ரான் கதிரா, லேசரா?

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் உள்ள கார்லின் வகைத் தங்கப் படிவுகளில் தங்கம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) மணியின் விளிம்பில், ஆர்செனிக் மிகுந்த மெல்லிய வளையத்துக்குள் ஒளிந்திருக்கும். தங்கத்தைக் கொண்டுவந்த சூடான தாதுத் திரவம் எப்போது மாறியது என்பதை அந்த வளையங்களை வைத்துத்தான் ஊகிக்கிறோம்.

எலக்ட்ரான் கதிரைப் பாய்ச்சித் தனிமங்களை அளக்கும் எலக்ட்ரான் நுண்ணாய்வி ஓரிரு மைக்ரான் இடத்தைக்கூடத் தனியாக அளக்கும், மாதிரியும் அழியாது. ஆனால் பத்து லட்சத்தில் நூறு பங்குக்குக் கீழே போனால் திணறும். லேசரால் சுட்டுப் பெயர்த்ததை நிறைவாரியாகப் பிரித்து அளக்கும் லேசர் நிறைமாலைமானியோ ஒரு பங்குக்கும் கீழே போகும். சிக்கல் என்னவென்றால், சுட்ட இடத்தில் பொதுவாக 20–50 மைக்ரான் குழி விழும். விளிம்பும் உள்மையமும் கலந்து, இரண்டுக்குமே பொருந்தாத ஓர் எண் வரும்.

நான் முதலில் நுண்ணாய்வியில், ஆர்செனிக் எங்கே எவ்வளவு என்று காட்டும் வரைபடம் எடுப்பேன், அப்புறம்தான் லேசர். வரிசையை மாற்றினால் பார்க்கவேண்டிய விளிம்பே ஆவியாகியிருக்கும்.