ஹைஸ்கூல்லயே காலேஜ் சைக்காலஜி: ஏபியா, டூயல் கிரெடிட்டா?

எங்க பெரியவ பதினொண்ணாவதுல சைக்காலஜி எடுத்தா, ஏபி வழியா, அதாவது ஸ்கூல்லயே காலேஜ் லெவல் பாடம் படிச்சு மே மாசத்துல ஒரு பொது எக்ஸாம் எழுதறது, ஸ்கோர் 1ல இருந்து 5 வரை. இப்ப சின்னவனுக்கு கோர்ஸ் செலக்‌ஷன் ஃபார்ம் வந்திருக்கு, அவனுக்கும் அதையேதான் டிக் பண்ணப் போறோம். இன்னொரு வழி டூயல் கிரெடிட், ஹைஸ்கூல் படிக்கும்போதே கம்யூனிட்டி காலேஜ் கோர்ஸ் எடுத்து ஸ்கூலுக்கும் காலேஜ் டிகிரிக்கும் சேர்த்து கிரெடிட் வாங்கறது. நாங்க இருக்கிறது டாலஸ் பக்கம், இங்க ஞாயித்துக்கிழமை தமிழ்ப் பள்ளி பார்க்கிங் லாட்ல நின்னா இந்த ஒரு விஷயத்துக்கே அரை மணி நேரம் போயிடும், பாதிப் பேர் "டூயல் கிரெடிட் எடுத்துடுங்க, ஈசி, கிரெடிட் கேரன்ட்டி"ன்னு கண்ணை மூடிக்கிட்டு சொல்றாங்க. ஈசிங்கிறது ஓரளவு உண்மை, கேரன்ட்டிங்கிறதும் ஓரளவு உண்மை. ஆனா அதுக்கு பதிலா என்னத்தைக் கொடுக்கறோம்னு யாரும் பேசறதில்ல, அதுக்குத்தான் இதை எழுதறேன்.

பாடம்னு பார்த்தா ரெண்டுலயும் பெரிய வித்தியாசம் இல்ல. காலேஜ் முதல் வருஷத்துல ஜெனரல் சைக்காலஜின்னு ஒரு கோர்ஸ் இருக்குமே, மூளை, ஞாபகம், பாவ்லோவ் நாய், ஸ்கின்னர் பெட்டி, பியாஜே, மில்கிராம் ஷாக் மெஷின், டிப்ரஷன், ஆங்ஸைட்டி, அதேதான். டெக்சஸ் கம்யூனிட்டி காலேஜ்ல இதுக்கு சைக் 2301னு பொது நம்பர், ஒரு செமஸ்டர், 3 கிரெடிட். ஏபில அதையே ஸ்கூல் டீச்சர், பெரும்பாலும் ஒரு வருஷம் முழுக்க, ஓட்டுவாங்க.

மூணாவதா கிளெப்னு ஒண்ணு இருக்கு, க்ளாஸே கிடையாது, நீங்களா படிச்சு 90 நிமிஷத்துல 95 கேள்வி எழுதணும், 80க்கு 50 வந்தா நிறைய காலேஜ்ல கிரெடிட் உண்டு. ஹோம்ஸ்கூல் பண்றவங்களுக்கு ரொம்ப வசதி. எங்களுக்குத் தெரிஞ்ச வட்டத்துல யாரும் சைக்காலஜிக்கு இதை எழுதினதில்ல, அதனால இத்தோட விட்டுடறேன்.

காசு விஷயமும் சீக்கிரம் முடிச்சுடலாம். ஏபி எக்ஸாம் ஃபீஸ் சுமார் 100 டாலர். டூயல் கிரெடிட்டுக்கு உங்க டிஸ்ட்ரிக்ட்டும் கம்யூனிட்டி காலேஜும் போட்ட ஒப்பந்தத்தைப் பொறுத்து மாறும், வருமானம் கம்மியா இருக்கிற குடும்பத்துப் பிள்ளைங்களுக்கு 2023ல வந்த ஃபாஸ்ட் திட்டத்துல சேர்ந்த காலேஜ்கள்ல இலவசம். காலேஜ்ல போய் 3 கிரெடிட் வாங்கற செலவோட பார்த்தா ரெண்டுமே கொசுறுதான்.

ஏபி க்ளாஸ் எப்படி இருக்கும்னா, 2025 மே மாசத்துல இருந்து எக்ஸாமே மாறிடுச்சு. முன்னாடி 9 யூனிட், இப்ப 5. முன்னாடி 100 கேள்வி, இப்ப 75 கேள்வி 90 நிமிஷம், அதுக்கப்புறம் 70 நிமிஷத்துல ரெண்டு எழுத்துக் கேள்வி, எல்லாம் லேப்டாப்ல. இந்த எழுத்துக் கேள்விதான் எனக்குப் பிடிச்சது. ஒண்ணுல ஒரு ஆராய்ச்சியோட சுருக்கம் கொடுத்து என்ன மெத்தட், வேரியபிளை எப்படி அளந்திருக்காங்க, இந்த ரிசல்ட் வேற ஆளுங்களுக்கும் பொருந்துமான்னு கேப்பாங்க, இன்னொண்ணுல மூணு ஆராய்ச்சி கொடுத்து நீயே ஒரு முடிவு சொல்லி அதுல இருந்தே ஆதாரம் காட்டுன்னு கேப்பாங்க. டெஃபனிஷனை உருப்போட்டு மட்டும் தப்பிக்க முடியாது. எங்க பொண்ணு டைனிங் டேபிள்ல மூணு கலர் ஹைலைட்டர் வச்சுக்கிட்டு ஆதாரத்துக்கு மஞ்சள், மெத்தடுக்கு பச்சைன்னு கோடு போட்டுட்டு இருப்பா. நெகட்டிவ் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட்னா தண்டனைதானேன்னு நான் கேட்டதுக்கு, "இல்லம்மா, நீ ரூமைப் பாத்து கத்திக்கிட்டே இருக்கே, நான் துணியை மடிச்சு வச்சதும் நிறுத்திடறே, அதனால அடுத்த வாட்டி நான் சீக்கிரமே மடிச்சு வச்சுடறேன், அதான்"னா. வாயை மூடிட்டேன், ஆனா பாடம் உள்ள இறங்கியிருக்குன்னு தெரிஞ்சுது.

டூயல் கிரெடிட் எங்க வீட்ல எடுக்கல, என் தோழியோட பையன் எடுத்ததைப் பக்கத்துல இருந்து பார்த்ததுதான், அதுவும் ஆன்லைன் 8 வார கோர்ஸ். நேர்ல காலேஜ்ல போய் உட்கார்ந்து படிக்கிறது வேற மாதிரி இருக்கலாம், அதை நினைவுல வச்சுக்கிட்டு படிங்க. வாரம் ரெண்டு சாப்டர், ஒரு க்விஸ், ஒரு டிஸ்கஷன் போஸ்ட், ரெண்டு பேருக்கு ரிப்ளை, அவ்வளவுதான். நல்லா பிளான் பண்ற பிள்ளைக்கு ஏ வாங்கறது கஷ்டமே இல்ல. பையன் ஃபுட்பால் சீசன்ல ரெண்டு டெட்லைனை விட்டான், ஸ்கூல்னா டீச்சர் ஒரு வார்த்தை சொல்லி வாங்கிப்பாங்க, இங்க சிலபஸ்ல லேட் ஒர்க் இல்லைன்னு போட்டிருந்தா இல்லதான். தோழி போன் பண்ணிக் கேட்டாங்க, பையன் கையெழுத்து இல்லாம பேச முடியாதுன்னுட்டாங்க. அது யார் தப்பும் இல்ல, பெர்ப்பான்னு மாணவர் ரெக்கார்டைப் பாதுகாக்கிற சட்டப்படி காலேஜ்ல சேர்ந்ததும் அந்த ரெக்கார்டு உரிமை பிள்ளைக்குப் போயிடுது, 16 வயசா இருந்தாலும். நம்ம ஊர்ல ப்ளஸ் டூ படிக்கிற பிள்ளையோட மார்க்கை அப்பா அம்மா கேக்கக் கூடாதுன்னா கலவரமே வந்திருக்கும்.

இப்ப விஷயத்துக்கு வரேன். அந்த மார்க் எங்க போய் ஒட்டிக்குது? என்னைக் கேட்டா மத்ததெல்லாம் இதுக்கு அப்புறம்தான்.

டூயல் கிரெடிட்ல வாங்கற கிரேடு காலேஜ் கிரேடு. பதினாறு வயசுல வாங்கின அந்த பி, அந்த கம்யூனிட்டி காலேஜ் ட்ரான்ஸ்க்ரிப்ட்ல உங்க பிள்ளை பேர்ல ஆயுசுக்கும் இருக்கும். அடுத்து எந்த காலேஜுக்குப் போனாலும் அந்த ட்ரான்ஸ்க்ரிப்ட்டைக் கேப்பாங்க. சரி அதனால என்னன்னு கேக்கறவங்க கொஞ்சம் மெடிக்கல் பக்கம் பாருங்க, நம்ம வீட்டுப் பிள்ளைங்கள்ல பாதி அங்கதானே பார்த்துக்கிட்டு இருக்கு. மெட் ஸ்கூலுக்கு அப்ளை பண்ற ஆம்காஸ்ல, ஹைஸ்கூல்ல படிக்கும்போது எடுத்த காலேஜ் கோர்ஸ் உள்பட எல்லாத்தையும் காட்டியே ஆகணும், அதோட கிரேடும் மொத்த ஜிபிஏல, அதாவது கிரேடுகளோட சராசரில, சேரும். டெக்சஸ் மெட் ஸ்கூல்களுக்குன்னு தனியா இருக்கிற அப்ளிகேஷன்லயும் அதே கதைதான். அதுவும் கஷ்டமான கோர்ஸுக்குன்னு ஸ்கூல்ல கூட்டித் தர்ற வெயிட்டேஜ் எதுவும் கிடையாது, ஸ்கூல் ட்ரான்ஸ்க்ரிப்ட்ல அந்த பி நாலரைன்னு மின்னினாலும் ஆம்காஸ்ல வெறும் 3.0.

பயமுறுத்தறேன்னு நினைக்க வேணாம், கணக்கையும் போட்டே காட்டிடறேன். மொத்தம் 120 கிரெடிட் முடிக்கிற பிள்ளைக்கு மத்ததெல்லாம் "ஏ" கிரேடுன்னு வைங்க, 3 கிரெடிட்ல ஒரு பி வந்தா 4.0 இறங்கி 3.975 ஆகும். சைக்காலஜி சயன்ஸ் ஜிபிஏல வராது, அதனால அங்க சேதாரமும் இல்ல. ஒத்தை பி யாரோட வாழ்க்கையையும் கெடுக்காது. ஆனா டூயல்ல நுழைஞ்ச பிள்ளைங்க சைக்காலஜியோட நிக்கிறதில்ல, ஹிஸ்டரி, கவர்ன்மென்ட், இங்கிலீஷ்னு ஒரே கொத்தா எடுக்கறாங்க, அதுல ரெண்டு பி ஒரு சி ஒரு டபிள்யூ (நடுவுல விட்டுட்டாங்கன்னு அர்த்தம்)ன்னு வந்தா அது காலேஜ் வாசலை மிதிக்கறதுக்கு முன்னாடியே ஏறின கடன் மாதிரி, நாலு வருஷம் அதை அடைச்சுக்கிட்டே இருக்கணும். அதே கோர்ஸ்ல எல்லாம் ஏ வாங்கற பிள்ளைக்கு இது சேமிப்புன்னும் சொல்லணும், அதையும் மறைக்கல.

ஏபில இந்தத் தலைவலி இல்ல. வருஷ கிரேடு ஹைஸ்கூல் ட்ரான்ஸ்க்ரிப்ட்ல மட்டும் இருக்கும், காலேஜுக்கு அப்புறம் அதை யாரும் எட்டிக்கூடப் பார்க்க மாட்டாங்க. எக்ஸாம் ஸ்கோர் தனி, 5 வந்தா காட்டலாம், 2 வந்தா அப்ளிகேஷன்ல போடாம விட்டுடலாம், வேணாம்னா ஸ்கோரையே கேன்சல் பண்ணக்கூட வழி இருக்கு. கிரெடிட்டா வந்தாலும் ஜிபிஏல ஏறாது, இறங்காது. பதினாறு வயசுப் பிள்ளைக்கு இந்த மாதிரி ரப்பர் வச்ச பென்சில்தான் சரின்னு நானும் இவரும் முடிவு பண்ணினோம்.

ஏபியோட ஓட்டையையும் சொல்லணும். ஒரு வருஷப் படிப்பு மே மாசத்துல ஒரே நாள்ல நிக்குது, அன்னைக்கு ஜுரம் வந்தா லேட் டெஸ்டிங் அது இதுன்னு அலையணும். டெக்சஸ் அரசு யுனிவர்சிட்டிகள் பொதுவா 3க்கே கிரெடிட் கொடுக்கணும்னு 2015லயே சட்டம் வந்தாச்சு, ஆனா சில பாடத்துக்கு அதுக்கு மேல கேக்கவும் அதுலயே இடம் இருக்கு. வெளி மாநில பிரைவேட் காலேஜ்னா இன்னும் கறார். டார்ட்மத்ல ஏபி சைக்காலஜில 5 வாங்கின நூறு பேருக்கு மேல கூப்பிட்டு அவங்க இன்ட்ரோ கோர்ஸ் ஃபைனலோட சுருக்கின வடிவத்தைக் கொடுத்தாங்க, 90 சதவீதம் பேர் பாஸாகல. 2013ல இது செய்தியா வந்தப்ப ஏபி எக்ஸாமை நடத்தற காலேஜ் போர்டு அந்த டெஸ்ட்டையே கேள்வி கேட்டுச்சு, ஆனா டார்ட்மத் ஏபிக்கு கிரெடிட் கொடுக்கறதை நிறுத்திடுச்சு. அது பழைய எக்ஸாம் காலம். இப்ப எழுத்துக் கேள்வி மாறினப்புறம் நிலைமை கொஞ்சம் தேவலைன்னு என் பொண்ணு படிச்ச விதத்தை வச்சு நான் நினைக்கிறேன், அவ்வளவுதான். டூயல் கிரெடிட்டுக்கும் பிரைவேட் காலேஜ்ல சிவப்புக் கம்பளம் எல்லாம் இல்ல, ஹைஸ்கூல் டிப்ளமாக்கு ஏற்கனவே கணக்குல எடுத்ததைத் திரும்ப எடுக்க மாட்டோம்னு சொல்ற இடம் நிறைய.

இன்னொரு விஷயம் ரேங்க். யூடி ஆஸ்டின்ல தானா சீட் கிடைக்க 2026 ஃபால்ல இருந்து ஸ்கூல் ரேங்க்ல டாப் 5 சதவீதத்துக்குள்ள இருக்கணும், முன்னாடி 6. அந்த ரேங்க்கைத் தீர்மானிக்கிற வெயிட்டேஜ் டிஸ்ட்ரிக்ட்டுக்கு டிஸ்ட்ரிக்ட் மாறும், எங்க ஸ்கூல்ல ஏபிக்கு டூயலை விட ஜாஸ்தி, உங்க ஸ்கூல்ல சமமாக்கூட இருக்கலாம். கவுன்சிலர்கிட்ட வாய்மொழியா கேக்காம கோர்ஸ் கைடுல அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்க.

அப்ப டூயல் யாருக்குன்னா, டெக்சஸ் அரசு யுனிவர்சிட்டிக்குத்தான் போறோம்னு உறுதியா இருக்கிறவங்க, மெடிக்கல் பக்கம் போகாதவங்க, ஒரே நாள் எக்ஸாம்னா கை நடுங்கற பிள்ளைங்க. அவங்களுக்கு சைக் 2301 நல்ல டீல். ஒரு அரசு காலேஜ்ல கோர் பாடமா (எல்லா டிகிரிக்கும் பொதுவானது) முடிச்சதை இன்னொரு அரசு காலேஜ் கோர்ல ஏத்துக்கிட்டே ஆகணும், மே மாச டென்ஷனும் கிடையாது. அப்படி எடுத்தீங்கன்னா சிலபஸ் வந்த அன்னைக்கே சென்சஸ் டேட் எதுன்னு பார்த்து காலண்டர்ல போட்டுடுங்க. முழு செமஸ்டர்னா 12ஆவது க்ளாஸ் நாள், 8 வார கோர்ஸ்ல இன்னும் முன்னாடியே வந்துடும். அதுக்குள்ள விட்டா ட்ரான்ஸ்க்ரிப்ட்ல தடயமே இருக்காது, தாண்டிட்டா டபிள்யூதான்.