ஓஎம்ஆர்ல "பார்க் ஃபேசிங்" வில்லா பாக்குறவங்க அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

சென்னைல ஓஎம்ஆர், ஈசிஆர் பக்கம் கேட்டட் கம்யூனிட்டில பழைய ஓனர்கிட்ட இருந்து வில்லா வாங்கற ஐடியால இருக்கீங்கன்னா, டோக்கன் குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு பேப்பரைக் கேட்டு வாங்குங்க. அப்ரூவ்டு லேஅவுட் பிளான். உங்க வீட்டுக்கான பிளான் இல்லங்க, அந்த மொத்த இடத்துக்கும் டிடிசிபியோ சிஎம்டிஏவோ (அரசோட நகரத் திட்ட அமைப்புகள்) சீல் போட்டு குடுத்தது, முழு ஷீட்டும். நாங்களும் கேட்டோம், எங்களுக்குக் குடுத்தது எங்க மனை நம்பர் இருந்த மூலையை மட்டும் ஜெராக்ஸ் எடுத்த ஒரு துண்டு.

நாவலூர் தாண்டி உள்ள ஒரு கம்யூனிட்டி, பேர் சொல்லல, கேஸ் போகுது. 2023ல வாங்கினோம். விலை ஒண்ணரை கோடிக்கு மேல. அதே கம்யூனிட்டில பின் தெருவுல இதே சைஸ் வீடு பதினஞ்சு லட்சம் கம்மிக்கு இருந்துச்சு, எங்களுக்கு வித்தவங்க கூடுதலா கேட்டதுக்கு சொன்ன ஒரே காரணம் வாசல்ல பார்க், பக்கத்துல ஸ்விம்மிங் பூல், கிளப் ஹவுஸ். "மேடம், மெட்ரோ சிறுசேரி வரைக்கும் வரப் போகுது, பார்க் ஃபேசிங் இனிமே கிடைக்கவே கிடைக்காது"ன்னு ப்ரோக்கர் தினமும் போன். அவரும் அந்த கம்யூனிட்டிலயே குடியிருக்கறவர்தான், அதனால இங்க நடக்கறது எல்லாம் தெரிஞ்சவர்னு நம்பினோம். தெரிஞ்சவர்தான், எங்ககிட்ட சொல்லல அவ்வளவுதான். எங்ககிட்டயும் கமிஷன், விக்கறவங்ககிட்டயும் கமிஷன்.

ஓனர் அமெரிக்கால, இங்க அவங்க அப்பா பவர் வச்சிருந்தார், ரிட்டயர்டு ஆபீசர், ரொம்ப மரியாதையா பேசுவார். டிடிஎஸ், அதாவது வாங்கறவங்க விலையில பிடிச்சு கட்ட வேண்டிய வரி, அந்த விஷயத்துலயே ப்ரோக்கர் எப்படின்னு எங்களுக்கு கொஞ்சம் தெரிஞ்சுது. 50 லட்சத்துக்கு மேல போனா 1 சதவீதம் பிடிச்சு கட்டினா போதும்னு அடிச்சு சொன்னார். அது விக்கறவங்க இந்தியால இருந்தாத்தான். என்ஆர்ஐ வித்தா கதையே வேற, அப்போ லாங் டெர்ம்க்கு (ரொம்ப நாள் வச்சிருந்து விக்கற சொத்துக்கு) 20 சதவீதம், எங்க விலைக்கு சர்சார்ஜ் செஸ் எல்லாம் சேர்த்தா கிட்டத்தட்ட 24 சதவீதம் பிடிக்கணும், பிடிக்கலன்னா இன்கம் டாக்ஸ்காரங்க கேக்கறது வாங்கினவங்களைத்தான். எங்க ஆடிட்டர் சொன்னதால தப்பிச்சோம், விக்கறவங்க குறைச்சுப் பிடிக்கறதுக்கு சர்டிபிகேட் வாங்கிட்டு வந்தாங்க. இப்ப ரேட் மாறிடுச்சு, ஆனா பவர்ல இருக்கற அப்பா இங்க இருக்கார்னு 1 சதவீதம் பிடிக்கற கதை இன்னமும் நடக்குது, பத்திரத்துல ஓனர் யாருன்னு பாருங்க.

சரி விஷயத்துக்கு வரேன். கிரகப்பிரவேசம் முடிஞ்சு கொஞ்ச நாள்ல பக்கத்து வீட்டு மாமி பால் காய்ச்சின விசேஷம் எல்லாம் விசாரிச்சுட்டு, "ஏம்மா, பார்க் நோட்டீஸ் பத்தி உங்ககிட்ட சொன்னாங்களோல்லியோ?"ன்னு கேட்டாங்க. என்ன நோட்டீஸ்னே எங்களுக்குத் தெரியாது. அந்த பார்க், பூல், கிளப் ஹவுஸ்ல பாதி, எல்லாமே ஓஎஸ்ஆர் இடம். ஓஎஸ்ஆர் விதி என்னன்னா, லேஅவுட் 10,000 சதுர மீட்டருக்கு மேல, அதாவது சுமார் ரெண்டரை ஏக்கர் தாண்டினா, ரோடு போக மீதியில 10 சதவீதத்தை பொதுமக்களுக்கான திறந்த வெளியா விட்டு லோக்கல் பாடிக்கு தானப் பத்திரம் எழுதிக் குடுக்கணும், பணமா கட்டி முடிக்கற வழி அதைவிட சின்ன இடங்களுக்குத்தான். பில்டர் ஊராட்சிக்கு எழுதியும் குடுத்துட்டார். எழுதிக் குடுத்த இடத்தையே சுத்தி காம்பவுண்ட் கட்டி, பூல் வெட்டி, "லைஃப்ஸ்டைல் அமெனிட்டீஸ்"னு ப்ரோஷர்ல போட்டு வித்துட்டார். இந்த மாதிரி லேஅவுட்ல உள் ரோடும் அப்படித்தான், ஊராட்சிக்கு எழுதிக் குடுத்தது. நம்ம வாசல்ல செக்யூரிட்டி நிறுத்தி வெளியாளை மறிக்கறோமே, அந்த ரோடு நம்மளுது இல்ல.

இதுல எனக்கு பில்டர் மேல இருக்கற கோவத்தைவிட ஓனரோட அப்பா, அந்த பெரியவர் மேலதான் அதிகம். அந்த இடம் ஊராட்சியோடதுன்னு நோட்டீஸ் வந்தது எங்க அக்ரிமெண்ட்டுக்கு முன்னாடி. அசோசியேஷன் மீட்டிங்ல அதை வச்சுப் பேசியிருக்காங்க, மினிட்ஸ்ல அவர் கையெழுத்து இருக்கு, நானே பாத்தேன். அதுக்கப்புறம்தான் எங்களை அந்த பூல் ஓரமா உக்கார வச்சு காபி குடுத்து, "உங்க குழந்தைங்க இங்கயே நீச்சல் கத்துக்கலாம்மா"ன்னு சொல்லியிருக்கார். நோட்டீஸ் பத்தி போன் பண்ணிக் கேட்டா "அது பில்டர் விஷயம்மா, நமக்கு என்ன தெரியும்"ங்கறார்.

பேங்க் லோன் குடுத்துச்சே, லீகல் பாத்தாங்களேன்னு நிறைய பேர் கேக்கறாங்க. பேங்க் வக்கீல் பாக்கறது உங்க மனையோட டைட்டில். தாய் பத்திரம், பட்டா, ஈசி (வில்லங்கச் சான்று) எல்லாம் எங்க மனைக்கு சுத்தமா இருந்துச்சு, இன்னிக்கும் இருக்கு. வீட்டுக்கு ஒரு ஆபத்தும் இல்ல. நாங்க கூடுதலா குடுத்த பதினஞ்சு லட்சத்துக்குத்தான் எதுவும் இல்ல. தானப் பத்திரம் நம்ம மனை ஈசில வராது, மொத்த சர்வே நம்பருக்கும் பில்டர் வாங்கின வருஷத்துல இருந்து ஈசி போட்டாத்தான் வரும். ரிஜிஸ்ட்ரேஷன் வெப்சைட்லயே ஈசி இலவசமா பாக்கலாம். லேஅவுட் பிளான்ல ஓஎஸ்ஆர்னு தனியா குறிச்சிருப்பாங்க, ப்ரோஷர்ல கிளப் ஹவுஸ் எங்க இருக்குன்னு பாத்து ரெண்டையும் பக்கத்துல வச்சா அஞ்சு நிமிஷம் போதும். ப்ரோக்கர் குடுக்கலன்னா ஊராட்சி ஆபீஸ்ல ஆர்டிஐ போடுங்க. அசோசியேஷன்கிட்ட நோ டியூஸ் வாங்கும்போதே கடைசி ரெண்டு வருஷ மினிட்ஸும் கேளுங்க, தர மாட்டோம்னா அந்த வீட்டை விட்டுடுங்க.

வக்கீல்கிட்ட போனா, பழைய ஓனர் மேல ரெராவுக்குப் போக முடியாது, அது முக்கியமா பில்டர் மேல புகார் குடுக்கற ரியல் எஸ்டேட் ஆணையம், இவங்க மேல சிவில் கேஸ்தான்னு சொன்னார். 1882 சொத்துரிமை மாற்றுச் சட்டத்துல 55வது பிரிவு இருக்கு, விக்கறவருக்குத் தெரிஞ்ச பெரிய குறையை வாங்கறவர்கிட்ட மறைக்கக் கூடாது. ஆனா அதுலயே, வாங்கறவர் சாதாரண கவனத்தோட பாத்திருந்தா கண்டுபிடிச்சிருக்க முடியாத குறைக்குத்தான் அதுன்னும் இருக்கு. எங்க வக்கீல் நோட்டீஸுக்கு அவங்க பதிலே அதுதான், பிளான் பப்ளிக் ரெக்கார்டு, நீங்க பாத்திருக்கலாமேன்னு. எங்ககிட்ட இருக்கறது ப்ரோக்கர் வாட்ஸ்அப்ல அனுப்பின அந்த துண்டு ஜெராக்ஸும், "முழு பிளான் அனுப்புங்க"ன்னு நாங்க திரும்பத் திரும்ப கேட்ட மெசேஜும், அதுக்கு அவர் "இதான் சார் பிளான்"னு என் வீட்டுக்காரருக்குப் போட்ட பதிலும். கேஸே அதை நம்பித்தான் நிக்குது, அதனால தயவுசெஞ்சு எதையும் போன்ல வாயால கேக்காதீங்க, எழுதிக் கேளுங்க, சாட்டை அழிக்காதீங்க.

பூல் இப்ப பூட்டி இருக்கு, பார்க்ல ஊராட்சிக்குச் சொந்தமான இடம்னு போர்டு வச்சுட்டாங்க. பார்க்கை ஊர் பிள்ளைங்க வந்து விளையாடறதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல, அது அவங்க இடம், அவங்களுக்கு வர வேண்டியது. பணம் போனது எங்களுக்கு, அந்தப் பணத்தை வாங்கிக்கிட்டவங்க திருப்பித் தரணும்.

அதே ப்ரோக்கர் இப்பவும் அதே வரிசையில ரெண்டு வீடு காட்டிட்டு இருக்கார். போர்டு கண்ணுக்குத் தெரியாம இருக்க பின் கேட் வழியா கூட்டிட்டுப் போறார்னு மாமி சொல்றாங்க. நாவலூர், படூர், தையூர் பக்கம் யாராவது பின் கேட் வழியா "பார்க் ஃபேசிங்" காட்டினா மெயின் கேட் வழியா ஒரு தடவை நடந்துட்டு வாங்க.