கேம்பிரிட்ஜ் பன்ட் சவாரி: ஆள் வைத்துப் போவதா, நாமே ஓட்டுவதா?

கேம்பிரிட்ஜில் காசு கொடுத்துச் செய்யத் தகுந்த ஒன்று உண்டென்றால் அது கேம் ஆற்றில் பன்ட் படகுச் சவாரிதான். பன்ட் என்பது நீண்ட கழியால் ஆற்றுத் தரையை உந்தி ஓட்டும் தட்டை அடிப் படகு. கல்லூரிகளின் அழகெல்லாம் ஆற்றுப் பக்கம்தான் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடுவரை தேர்வுக் காலம். பல கல்லூரிகள் வெளியாட்களை உள்ளே விடாது. ஆற்றுக்கு அந்தத் தடை கிடையாது.

படகுக்காரர் ஓட்டும் சவாரிக்குத் தலைக்கு இவ்வளவு என்று கட்டணம். ஒரு படகில் 12 பேர் வரை ஏற்றுவார்கள். போய்வர முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். நாமே ஓட்டும் படகுக்கு மணிக்கணக்கு, 6 பேர் வரை. வயதானவர்களோ கைக்குழந்தையோ கூட இருந்தால் யோசிக்கவே வேண்டாம், படகுக்காரர் போதும்.

அவர் சொல்லும் கதைகளை மட்டும் அப்படியே நம்பிவிடாதீர்கள். கணிதப் பாலம் என்ற மரப்பாலத்தை நியூட்டன் ஆணியே இல்லாமல் கட்டினார் என்பது அங்கே காலங்காலமாக ஓடும் கதை. பாலம் கட்டப்பட்டது 1749-ல். நியூட்டன் 1727-லேயே இறந்துவிட்டார். கிளேர் கல்லூரிப் பாலத்துக் கல் உருண்டைகளில் ஒன்றில் ஒரு துண்டு குறைகிறது என்பது உண்மை, தேடிப் பாருங்கள். டிரினிட்டி கல்லூரியின் ரென் நூலகத்தை அவர் சொல்லாவிட்டாலும் கவனியுங்கள். ராமானுஜன் 1918-ல் ஃபெலோவாக (கல்லூரியின் ஆய்வறிஞர் உறுப்பினராக) தேர்வான கல்லூரி அது. அவருடைய 'தொலைந்த' குறிப்பேடு 1976-ல் அகப்பட்டதும் அந்த நூலகத்தில்தான்.

நாமே ஓட்டுவதென்றால் கழியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். சுமார் 16 அடி நீளம். கேம்பிரிட்ஜில் பின்முனையில் உள்ள பலகைத் தளத்தின்மேல் நின்று ஓட்டுவது வழக்கம். ஆக்ஸ்ஃபோர்டில் படகின் மறுமுனையில், உள்ளே நிற்பார்கள். தட்டையான ரப்பர் அடிச் செருப்பு போட்டுக்கொள்ளுங்கள், தளம் வழுக்கும். கழியைப் படகை ஒட்டிச் செங்குத்தாகப் பிடித்து, கைக்குள் வழுக்கவிட்டுத் தரையைத் தொடச் செய்யுங்கள். பிறகு கைகளைக் கழியில் மாற்றி மாற்றி மேலே கொண்டுபோய்ப் பின்னோக்கித் தள்ள வேண்டும். சாய்வாகப் போட்டால் படகு முன்னே போகாது, சுற்றும். தள்ளி முடித்ததும் கழியைப் பின்னால் மிதக்கவிட்டால் அதுவே சுக்கான்: கீழ்நுனியை எந்தப் பக்கம் ஒதுக்குகிறீர்களோ படகு அந்தப் பக்கம் திரும்பும். பலர் தள்ளுவதில் காட்டும் வேகத்தைத் திருப்புவதில் காட்டாமல் கரையில் போய் முட்டுகிறார்கள்.

கழி சேற்றில் மாட்டினால், முதலில் ஒரு திருகு திருகி, பிறகு இழுங்கள். வரவில்லையா, உடனே விட்டுவிடுங்கள். கழியைப் பிடித்துக்கொண்டு நிற்பவரை விட்டுவிட்டுப் படகு போய்விடும். தண்ணீரில் விழுபவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் விழுகிறார்கள். படகில் இருக்கும் துடுப்பால் திரும்பி வந்து கழியை எடுத்துக்கொள்ளலாம்.

கல்லூரிகளின் பின்புறம் ஓடும் பகுதியில் இந்தத் தொல்லை குறைவு. முன்பு சரக்குப் படகுகளைக் குதிரைகள் இழுத்தன. கரையில் பாதை விடக் கல்லூரிகள் சம்மதிக்காததால் ஆற்றின் நடுவிலேயே மேடு போட்டுக் குதிரைகளைத் தண்ணீருக்குள் நடத்தினார்கள். அதனால் நடுவில் தரை கெட்டி, ஓரத்தில்தான் சேறு. கிரான்ட்செஸ்டர் பக்கம் மேலாற்றில் சேறு அதிகம், போகவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். முதல்முறை கழி பிடிப்பவர் அங்கே போக வேண்டாம்.

ஆற்றில் வலப்பக்கமாகச் செல்வதுதான் முறை. பாலத்தடியில் கழியை நிமிர்த்தாதீர்கள். உட்கார்ந்திருப்பவர்கள் படகு விளிம்புக்கு வெளியே விரலை நீட்டக் கூடாது. இரண்டு படகுகள் உரசினால் நசுங்குவது விரல்தான். கல்லூரிக் கரையில் இறங்கவும் அனுமதி இல்லை.

ரயில் நிலையம் ஆற்றிலிருந்து தள்ளி இருக்கிறது. மாட்லின் பாலத்துத் துறைக்கு நடந்தால் அரை மணிக்கு மேல். பெயர்ப்பலகையை எழுத்துக்கூட்டினால் 'மாக்தலீன்' என்று வரும், வழி கேட்கும்போது மாட்லின் என்றே கேளுங்கள். தெருவில் மடக்கிச் சீட்டு விற்பவர்களிடம் வாங்குமுன், விலை தலைக்கா படகுக்கா, துறை எது என்று கேட்டுவிடுங்கள். நாமே ஓட்டும் படகுக்கு முன்பணம் உண்டா, தாமதக் கட்டணம் எவ்வளவு என்பதும் முக்கியம். படகைத் துறையில் ஒப்படைக்கும் வரை நேரம் ஓடும். ஆகவே வாடகை நேரத்தில் பாதி முடிவதற்குள் படகைத் துறை நோக்கித் திருப்பிவிடுங்கள்.