ஊரைக் காத்த காதலும் ஊரை மூழ்கடித்த காதலும்

சென்ற வாரம் என் தங்கைக்கு ஒரே ஒரு மாலைதான் ஓய்வு கிடைத்தது. "மகோடோ ஷின்காயின் படம் ஒன்று போடுங்கள், அண்ணா" என்றாள். அவள் அதுவரை ஜப்பானிய அனிமேஷன் எதையும் பார்த்ததில்லை. நண்பர்கள் எல்லோரும் 'யுவர் நேம்' என்றார்கள். நான் 'வெதரிங் வித் யூ'வைப் போட்டேன். காரணத்தைச் சொல்ல இரண்டு படங்களின் முடிவையும் உடைத்தாக வேண்டும். பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

வானத்தின் அழகு, ராட்விம்ப்ஸ் குழுவின் இசை, டோக்கியோ தெருக்களின் நுணுக்கம் எல்லாம் இரண்டிலும் உண்டு. அவற்றை எடைபோட்டுப் பயனில்லை.

கதையைக் கட்டிய விதத்தில் 2016இல் வந்த 'யுவர் நேம்'தான் மேல். மலையூரான இடோமொரியின் மிட்சுஹாவும் டோக்கியோவின் டாக்கியும் உடல் மாறி மாறி விழிக்கிறார்கள். திடீரென அது நின்றுபோகிறது. நினைவிலிருந்து வரைந்த ஓவியங்களோடு அவன் அந்த ஊரைத் தேடிப் போகிறான். மூன்று ஆண்டுகளுக்கு முன்பே வால்மீன் துண்டு விழுந்து ஊர் அழிந்துவிட்டது என்று தெரியவருகிறது. நூலகத்தில், இறந்தவர்களின் பட்டியலில் அவன் அவளுடைய பெயரைக் காணும் காட்சிக்கு நிகராக மற்ற படத்தில் எதுவும் இல்லை. ஊர்க்கோயில் சடங்குகளின் பொருள் பழைய தீவிபத்து ஒன்றில் அழிந்துபோனது என்று பாட்டி சொல்லும் இடமும் எனக்குப் பெரியது. முன்னோர் விட்டுச்சென்ற எச்சரிக்கையைச் சடங்காக மட்டும் காப்பாற்றிய ஊர் அது.

பிறகு ஏன் மற்றதை எடுத்தேன்? இந்தக் காதலுக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்ற கேள்விதான். 'யுவர் நேம்' காலத்தைத் திருப்பிவிடுகிறது. ஊர் அழிந்தாலும் மக்கள் பிழைக்கிறார்கள். காதலர்களும் ஆண்டுகள் கழித்து ஒரு படிக்கட்டில் சந்திக்கிறார்கள். 2011 நிலநடுக்கத்துக்கும் சுனாமிக்கும் பிறகு இப்படியொரு கனவு ஜப்பானுக்குத் தேவைப்பட்டது எனக்குப் புரிகிறது. நானும் அழுதேன். ஆனால் இரண்டாம் முறை பார்த்தபோது, போனவர்களை மீட்டுத் தரும் அந்த வசதி எனக்கு உறுத்தியது.

2019இல் வந்த 'வெதரிங் வித் யூ'வில் அந்த வசதி கிடையாது. தீவிலிருந்து ஓடிவந்த பதினாறு வயது ஹொடாகா, வேண்டினால் மழையை நிறுத்தும் ஹினாவைச் சந்திக்கிறான். ஓயாத மழை நிற்க வேண்டுமென்றால் அவள் பலியாக வேண்டும். அவள் மறைகிறாள், வெயில் வருகிறது, நகரம் மகிழ்கிறது. அவனோ மொட்டைமாடிக் கோயிலின் வழியாக வானத்துக்கே போய் அவளை மீட்டு வருகிறான். மழை மீண்டும் தொடங்கி ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் பெய்கிறது; டோக்கியோவின் மூன்றில் ஒரு பங்கு நீருக்கடியில் போகிறது.

இதற்குப் பிறகு வரும் பத்து நிமிடங்களுக்காகத்தான் நான் இந்தப் படத்தின் பக்கம் நிற்கிறேன். வீட்டை இழந்து அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்த ஒரு மூதாட்டி, இந்த இடமெல்லாம் முன்பு கடல்தானே என்று அவனைத் தேற்றுகிறார். (அவர் 'யுவர் நேம்' டாக்கியின் பாட்டி.) அவனுக்கு வேலை கொடுத்த சுகாவும், உலகம் எப்போதுமே பித்துப் பிடித்ததுதான், நீ எதையும் மாற்றிவிடவில்லை என்கிறார். இரண்டுமே அன்பான சொற்கள். அவற்றை ஏற்றுக்கொண்டு அவன் நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் மேட்டுச் சாலையில், மூழ்கிய நகரத்தை நோக்கிக் கைகூப்பி நிற்கும் ஹினாவைக் கண்டதும் அவனுக்குத் தெளிகிறது: இல்லை, நாங்கள்தான் மாற்றினோம். அவன் பழியை ஏற்றுக்கொண்டு, அதே மூச்சில் அவளையும் தேர்ந்துகொள்கிறான்.

குறைகளும் உண்டு. ஹொடாகா நகரத்தில் கண்டெடுக்கும் துப்பாக்கி கதைக்குத் தேவையே இல்லை. அவன் வீட்டை விட்டு ஓடிவந்த காரணமும் சரியாகச் சொல்லப்படவில்லை. ரசிகர்கள் இணையத்தில் கையெழுத்துத் திரட்டிக் கேட்டதால் இந்தப் படம் 2019 அக்டோபரில் இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தது. அங்கே பெரிய திரையில் மழைச் சத்தத்தோடு பார்த்தவன் நான். அந்த நினைவு என் தீர்ப்பைக் கொஞ்சம் சாய்த்திருக்கலாம். வெள்ளத்தில் நான் எதையும் இழந்தவனல்ல; இழந்த ஒருவருக்கு ஹொடாகாவின் முடிவு பொறுக்க முடியாததாகத் தோன்றினால் என்னிடம் பதில் இல்லை. 2011 பேரழிவை நேராகத் தொடும் ஷின்காயின் இன்னொரு படமான 'சுசுமே'யை ஒரே முறைதான் பார்த்திருக்கிறேன் என்பதால் அதை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.

படம் முடிந்ததும் தங்கை அந்த மேட்டுச் சாலைக் காட்சியை மறுபடி ஓட்டச் சொன்னாள். வரும் ஞாயிற்றுக்கிழமை 'யுவர் நேம்' பார்க்கப்போகிறோம். டாக்கி நூலகத்துக்குள் நுழையும்போது தேநீர் போட எழுந்து போகக் கூடாது என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.