தீம் பார்க் போகிறீர்களா? டிக்கெட்டுக்கு முன்னால் மெனுவைப் பாருங்கள்

தீம் பார்க்கில் சாப்பாட்டு விலை அதிகம் என்பது ஊரறிந்த விஷயம். அதைப் பற்றிப் புலம்புவதற்காக இதை எழுதவில்லை. கூடுதல் விலைதான் என்றால் பலகையில் எழுதி வைத்துவிட்டு வாங்கட்டும், வேண்டியவர் சாப்பிடுவார். பசியோடு வரிசையில் நிற்கவைத்து, பணத்தை எடுத்த பிறகு விலையைச் சொல்வது வேறு சங்கதி. சமீபத்தில் குடும்பத்தோடு போன ஒரு பார்க்கில் எங்களுக்கு நடந்தது அதுதான். பெயர் வேண்டாம். இந்த வித்தை எந்தப் பார்க்கிலும் நடக்கலாம்.

வாசலிலேயே பையைத் திறக்கச் சொன்னார்கள். பிஸ்கட், பழம் எல்லாம் வெளியே போனது. தண்ணீர் பாட்டிலைக்கூடக் காலி செய்யச் சொன்னார்கள். கைக்குழந்தைக்கான உணவுக்கும் மருந்துக்கும் மட்டும் விலக்கு. "உள்ளே எல்லாமே கிடைக்கும் சார்" என்றார் காவலர். அடுத்து மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டி, அதில் பணம் ஏற்றச் சொன்னார்கள். உள்ளே ரொக்கம் செல்லாது, வங்கிக் கார்டும் செல்லாது. எவ்வளவு ஏற்றுவது என்று கேட்டதற்கு அவர்களே ஒரு தொகையைச் சொன்னார்கள். ஒரு நாள் சாப்பாட்டுக்கு, நாங்கள் கொடுத்த நுழைவுக் கட்டணத்தில் பாதிக்கும் மேல்!

மதியம் ரெஸ்டாரண்டில் கூட்டம் அள்ளியது. கவுண்டருக்கு மேலே அச்சடித்த பலகை இல்லை, பெரிய திரைதான். பளபளவென்று ஒரு பர்கர் வரும், சுழலும், போகும். அப்புறம் ஐஸ்கிரீம் விளம்பரம், அப்புறம் மாலை நேரக் கண்காட்சி அறிவிப்பு. விலைப்பட்டியல் வந்து நிற்பது சில நொடிகள். அதிலும் எழுத்து பொடிப்பொடியாக இருந்ததால், நாலாவது வரியைப் படிப்பதற்குள் பர்கர் திரும்பி வந்துவிடும். அச்சடித்த மெனு அட்டை கேட்டேன். இல்லையாம்.

என் மனைவி அசைவம் சாப்பிடமாட்டார். வெளியே சைவ உணவு உண்டு என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். உள்ளே அது உருளைக்கிழங்கு வறுவலும் ஒரு கிண்ணம் பச்சைக் காய்கறியும்தான். மகளுக்கு பர்கர் மட்டும் போதும் என்றோம். "தனியா வராது சார், காம்போதான்" என்றார் கவுண்டரில் இருந்த பையன். அவர் முன்னால் இருந்த பில் திரையில் பர்கர் தனியாக, தனி விலையோடு, ஒரு பொத்தானாக இருந்ததை என் கண்ணால் பார்த்தேன். கேட்டதும் அவர் முகம் மாறியது. தனியாகப் போடக்கூடாது என்று மேலே சொல்லியிருக்கிறார்களாம். அந்தப் பையன் மேல் எனக்குக் கோபமில்லை, நாள் முழுக்க இதே வசவை அவர்தான் வாங்குகிறார்.

பணத்தைப் பட்டையிலிருந்து எடுத்துக்கொண்ட பிறகுதான் பில் கைக்கு வந்தது. குளிர்பானத்துக்குக் கீழே தனியாக ஒரு வரி: 'நினைவுக் கோப்பை'. பானம் ஊற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் கோப்பைக்குத் தனி விலை! எங்கள் எல்லோருக்கும் ஆளுக்கொன்று. சாதா கோப்பையில் கொடுங்கள் என்றால், ஊற்றியாகிவிட்டது, பில்லை ரத்து செய்ய முடியாது என்றார்கள். பானத்தைவிடக் கோப்பைக்கு விலை அதிகம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கிளம்பும்போது பட்டையில் மீதம் இருந்த பணத்தைத் திருப்பிக் கேட்கப் போனால், அந்தக் கவுண்டர் பார்க் மூடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே அடைத்திருந்தது. மீதித் தொகை அன்றைக்கு மட்டுமே செல்லும் என்பது டிக்கெட்டின் பின்பக்க நிபந்தனைகளில் இருக்கிறதாம். எறும்பு எழுத்து.

தொழிலே இப்படித்தான் நடத்த முடியும் என்று யாராவது வாதாடினால் நம்பாதீர்கள். அமெரிக்காவின் டிஸ்னி வேர்ல்டில் விலை ஒன்றும் மலிவில்லை. ஆனால் ஒவ்வொரு உணவகத்தின் மெனுவும் விலையோடு இணையதளத்திலும் செயலியிலும் இருக்கிறது. குளிர்பானம் விற்கும் துரித உணவுக் கவுண்டர்களில் ஒரு கோப்பைத் தண்ணீர் கேட்டால் இலவசமாகத் தருவார்கள். கண்ணாடிப் பாத்திரமும் மதுவும் இல்லாமல் சொந்தச் சாப்பாட்டையும் எடுத்துப் போகலாம். இந்தியானா மாநிலத்தில் ஹாலிடே வேர்ல்ட் என்ற பார்க் 2000ஆம் ஆண்டிலிருந்து குளிர்பானத்தையே இலவசமாகத் தருகிறது. ஷாங்காய் டிஸ்னிலாண்டில் வெளி உணவுக்குத் தடை இருந்தது. பையைச் சோதித்து உணவை எடுத்துப் போகக்கூடாது என்றதை எதிர்த்து ஒரு சட்ட மாணவி வழக்குப் போட்டார். விஷயம் நாடு முழுக்கப் பேச்சாகி, 2019 செப்டம்பரில் பார்க் விதியைத் தளர்த்தியது. சூடாக்கவோ குளிரூட்டவோ வேண்டிய உணவு, வாடை தூக்கும் உணவு போன்றவைதான் இப்போது கூடாது.

ஆகவே போவதற்கு முன் பார்க்கின் தளத்தில் மெனுப் பக்கத்தைத் தேடுங்கள். உணவுப் படங்கள் மட்டும் இருந்து விலை இல்லையென்றால் சந்தேகப்படுங்கள். வெளி உணவு பற்றிய விதியையும் பாருங்கள். வெளியே போய்த் திரும்பி வர அனுமதி உண்டா என்று கட்டாயம் கேளுங்கள். கையில் முத்திரை குத்தி அனுப்பும் பார்க்குகளில் வண்டிக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம். பட்டையில் பணம் ஏற்றச் சொன்னால் குறைவாக ஏற்றுங்கள், தீர்ந்தால் மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். திருப்பித் தரும் கவுண்டர் எத்தனை மணிக்கு மூடும் என்று அப்போதே கேட்டுவிடுங்கள். ஆர்டர் சொன்னதும், பட்டையை நீட்டுவதற்கு முன், மொத்தத் தொகையைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். வேண்டாத வரி இருந்தால் அந்த நிமிடத்தில்தான் நீக்க முடியும். சர்க்கரை நோயாளியோ உணவு ஒவ்வாமை உள்ளவரோ கூட வந்தால் வாசல் சோதனையில் அதைச் சொல்லிவிடுங்கள், பல இடங்களில் அவர்களுக்குத் தனி அனுமதி உண்டு.

பில்லின் படத்தோடு பார்க்குக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். பல நாள் கழித்து, தங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம் என்று பதில் வந்தது. பணம் வரவில்லை. பதிலாக ஒரு சலுகைக் கூப்பன் அனுப்பியிருக்கிறார்கள். அதே ரெஸ்டாரண்டில், அடுத்த முறை டிக்கெட் எடுத்து உள்ளே போனால் செல்லும். காம்போவுக்கு மட்டும்.